எண்ணும் பெயரும்: கொக்கிளாயின் சாவுக் கணக்குகள் பற்றிய ஒரு நோக்கு

போரிலே மாண்டோரை எண்ணுதல் கணக்காளர் தொழில் போலத் தோன்றும். ஆயின் ஒரு சமூகம் தன் இறந்தோரை எவ்வாறு எண்ணுகிறது, எவரை அக்கணக்கிற் சேர்க்கிறது, எவரை வெளியே நிறுத்துகிறது, எண்ணிய பின் அவ்வெண்ணைக் கொண்டு என்ன வாதிடுகிறது என்பன மொழியோடும் இலக்கியத்தோடும் தொடர்புடைய வினாக்களாகும். செய்திக்குறிப்பும், ஆணைக்குழு அறிக்கையும், நினைவுக்கல்லும் எழுத்து வடிவங்களே. எழுத்து என்ற அளவில் அவை திறனாய்வுக்கு உட்பட்டவை. இக்கட்டுரை அத்தகைய எழுத்துகளை ஒரு சிறு கிராமத்தை நடுவாக வைத்து நோக்க முயல்கிறது.

அக்கிராமம் கொக்கிளாய். முல்லைத்தீவு மாவட்டக் கரையோரத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது. களப்பின் மறுகரையில் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை. வடக்கே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு. மேற்கே உள்நாட்டுப் பக்கமாக மணலாறு. வடமாகாணமும் கிழக்கு மாகாணமும் நிலத்தால் ஒன்றையொன்று தொடும் இடம் இது. மீனுக்கும் இறாலுக்கும் பெயர்போன களப்பு, அரசியல் வரைபடத்தில் ஒரு மூட்டுவாயாகவும் ஆனமைக்குக் காரணம் இவ்வமைப்பே. இங்கு 1984ஆம் ஆண்டின் இறுதியில் இரு வார காலத்துள் நிகழ்ந்தவை, சமமற்ற சாவுகளும் பொதுமக்கள் அபிப்பிராயமும் எவ்வாறு உறவு கொள்கின்றன என்பதை ஆராய்வார்க்குத் தெளிந்த சான்றாக அமைகின்றன.

1

முதலில் நிகழ்ச்சிகளை வரிசைப்படி நோக்குவோம்.

மணலாற்றுப் பகுதியில் தமிழ்த் தனியார் குத்தகைக்குப் பெற்று நடத்திய பண்ணைகள் சில இருந்தன. அவற்றுள் கென்ற் பண்ணையும் டொலர் பண்ணையும் அடங்கும். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தினால் வீடிழந்த மலையகத் தமிழர் பலர் இப்பகுதியில் வந்து குடியேறினர். 1984இல் இப்பண்ணைகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். பண்ணைகள் திறந்தவெளிச் சிறைச்சாலைகளாக்கப்பட்டன. சிங்களக் கைதிகள் தம் குடும்பத்தினரோடு அங்கு குடியமர்த்தப்பட்டனர். அரசின் குடியேற்றத் திட்டத்தின் ஒரு படியாகவே இது தமிழ் மக்களாற் காணப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவை அக்காட்சியைப் பொய்ப்பிக்கவில்லை. 1988இல் இப்பிரதேசம் மகாவலித் திட்டத்தின் ‘எல்’ வலயமாக்கப்பட்டு வெலிஓயா எனப் பெயர் பெற்றது. ‘வெலி’ என்பது மணல். ‘ஓயா’ என்பது ஆறு. ஊரின் பெயர் மொழிபெயர்க்கப்பட்டது, ஊரார் மாற்றப்பட்டனர்.

1984 நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அவ்விரு பண்ணைகளையும் தாக்கினர். 62 பேர் கொல்லப்பட்டனர் என்பது பெரும்பாலான பதிவுகள் தரும் எண். அவர்களுள் சிறைக் காவலரும் கைதிகளும் மட்டுமன்றிப் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். மறுநாள், டிசம்பர் 1ஆம் நாள், கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இருந்த சிங்கள மீனவர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அங்கு மாண்டோர் 11 பேர் எனப் பதிவுகள் கூறும். இவர்கள் பண்ணைக் கைதிகள் அல்லர். மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்து வாடியமைத்து மீன்பிடித்து, காலப்போக்கில் குடும்பத்தோடு தங்கிவிட்ட கடற்றொழிலாளர் மரபைச் சேர்ந்தவர்கள்.

அதன்பின் இராணுவத்தின் கை நீண்டது. டிசம்பர் 2ஆம் நாள் ஒதியமலையில் தமிழ் ஆண்கள் 32 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கிராமத்துப் பொதுக் கட்டடத்தில் ஒன்று சேர்க்கப்பட்டுச் சுடப்பட்டவர்கள். டிசம்பர் 4ஆம் நாள் மன்னாரில் இராணுவ வண்டியொன்று கண்ணிவெடிக்கு இலக்கானதன் பின் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். டிசம்பர் 15ஆம் நாள் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதி மக்கள் மேல் நடந்த தாக்குதலில் 131 பேர் கொல்லப்பட்டனர் எனத் தமிழ்த் தரப்பு ஆவணம் கூறுகிறது. அவர்களுள் 31 பேர் பெண்கள், 21 பேர் குழந்தைகள் எனவும் அவ்வாவணம் பிரித்துக் காட்டுகிறது. அம்மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் வீட்டையும் வயலையும் வலையையும் விட்டு வெளியேறினர். அவர்கள் திரும்பி வர வாய்த்தது போர் முடிந்த பின், 2011ஆம் ஆண்டளவிலேதான். இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேலான அவ்விடைவெளியில் களப்பின் கரையில் வேறு வலைகள் காய்ந்தன.

2

மேற்கூறிய நிகழ்ச்சிகளை இன்று இருவேறு மக்கள் இருவேறு விதமாக அறிந்திருக்கின்றனர். தென்னிலங்கையில் எழுதப்படும் வரலாற்றில் 1984 நவம்பர் 30 ஒரு தொடக்க நாள். கென்ற், டொலர் என்னும் பெயர்கள் அங்கு பாடசாலை மாணவனும் கேட்டிருக்கக் கூடியவை. ஒதியமலை என்னும் பெயர் அங்கு பெரும்பாலும் இல்லை. தமிழ்ப் பகுதிகளில் எழுதப்படும் வரலாற்றில் டிசம்பர் 2உம் டிசம்பர் 15உம் நினைவு நாள்கள். நவம்பர் 30 அங்கு ஒன்றில் இல்லை, அல்லது ஒரு துணைவாக்கியத்துள் அடங்கிவிடுகிறது. ஒரே களப்பின் கரையில், ஒரே பதினைந்து நாளில், இரு பட்டியல்கள் எழுதப்பட்டன. ஒவ்வொரு பட்டியலும் மற்றையது தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

இப்பட்டியல்களின் மொழியை நோக்குதல் பயனுடையது. தமிழில் இறப்பைக் குறிக்கும் சொற்கள் பல. செத்தார், மாண்டார், உயிரிழந்தார், கொல்லப்பட்டார், பலியானார், வீரச்சாவடைந்தார் என அவை விரியும். இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. ‘கொல்லப்பட்டார்’ என்பதிற் கொன்றவன் மறைந்து நிற்கிறான், ஆயினும் நிற்கிறான். ‘உயிரிழந்தார்’ என்பதில் அவனும் இல்லை. காய்ச்சலில் இறந்தவரும் கைகட்டிச் சுடப்பட்டவரும் அச்சொல்லுள் ஒன்றாகிவிடுகின்றனர். மேலே மன்னார் நிகழ்ச்சியை எழுதுகையில் இக்கட்டுரையும் ‘உயிரிழந்தனர்’ என்றே எழுதியிருப்பதை வாசகர் அவதானித்திருக்கக் கூடும். பழக்கத்தில் கை அவ்வாறு எழுதிவிடுகிறது. அங்கு எழுதவேண்டிய சொல் ‘கொல்லப்பட்டனர்’ என்பதே. ‘பலியானார்’ என்பதோ தெய்வத்துக்குக் கொடுத்தலைக் குறித்த சொல். ஏதோ ஒரு பயனுக்காக நிகழ்ந்த சாவு என்னும் பொருளை அது அறியாமலே ஏற்றிவிடுகிறது.

இறந்தவரைச் சுட்டும் சொற்களும் அவ்வாறே. இராணுவச் செய்திக்குறிப்பிற் கொல்லப்பட்ட தமிழ்க் கமக்காரன் ‘பயங்கரவாதி’ ஆனான். அச்சொல் விழுந்தவுடன் அவன் பொதுமக்கள் கணக்கிலிருந்து நீங்கி வெற்றிக் கணக்கிற் சேர்ந்தான். நமது எழுத்துகள் இக்குறையைப் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளன, நியாயமாகவே எடுத்துக்காட்டியுள்ளன. ஆனால் அதே கண்ணாடியை நம்பக்கம் திருப்பினால் தெரிவது என்ன? கென்ற் பண்ணையில் மாண்டோரைத் தமிழ் எழுத்துகள் ‘கைதிகள்’ என்றோ ‘குடியேற்றக்காரர்’ என்றோதான் சுட்டுகின்றன. இரண்டும் பொய்யல்ல. எனினும் அச்சொற்கள் செய்யும் வேலை ‘பயங்கரவாதி’ என்னும் சொல் செய்த வேலையே. கைதியின் மனைவியும் பிள்ளையும் கைதிகள் அல்லர். நாயாற்று வாடியில் வலை பொத்தியவன் குடியேற்றத் திட்டத்தை வகுத்தவன் அல்லன். நிலத்தைப் பறிக்கும் அரச திட்டத்தை எதிர்ப்பது ஒன்று. அத்திட்டம் கொண்டுவந்து இறக்கிய ஏழையின் குழந்தையைச் சாவுக் கணக்கிலிருந்து நீக்குவது வேறொன்று. முதலாவது உரிமைக் குரல். இரண்டாவது அக்குரலின் மதிப்பைக் குறைப்பது.

3

இவ்விரு பார்வைகளும் நம் இலக்கியத்துக்குப் புதியன அல்ல. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன் மேற் பாடப்படுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுக்கும். அவ்வகை நூல்களுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் கலிங்கத்துப்பரணியில், முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற களம் பாடப்படுகிறது. அங்கு பிணங்கள் பேய்கள் அடும் கூழுக்குப் பொருளாகின்றன. செயங்கொண்டாரின் சொல்லாற்றலை வியவாதார் இலர். ஆனால் கலிங்கத்துச் சாதாரணப் போர்வீரனுக்கு அந்நூலிற் பெயரில்லை. அவன் எண்ணாகவே வருகிறான். எண் பெருகப் பெருக வென்றவனின் புகழும் பெருகுகிறது.

இதற்கு மறுதலையாக நிற்பது கையறுநிலை என்னும் புறத்துறை. தலைவன் இறந்தபோது அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்தும் நிலையைப் பாடுவது அது. அங்கு இறந்தவன் ஒருவன், அவனுக்குப் பெயருண்டு, அவன் இல்லாமையால் வெறுமையான முற்றமும் முல்லையும் உண்டு. நடுகல் வழக்கும் இம்மரபைச் சார்ந்ததே. மாண்டவனின் பெயரையும் சிறப்பையும் கல்லிற் பொறித்து நாட்டிய சமூகம், சாவை எண்ணால் அன்றிப் பெயரால் நினைக்கக் கற்றிருந்தது.

எனினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. நடுகல் தன் ஊரானுக்கே நாட்டப்பட்டது. கையறுநிலை தன் தலைவனுக்கே பாடப்பட்டது. தன்னவனுக்குக் கையறுநிலை, மாற்றானுக்குப் பரணி என்னும் பாகுபாடு நம் மரபினுள்ளேயே உண்டு. இன்றைய சாவுக் கணக்குகளின் இலக்கணமும் இதுவே எனலாம். நம் இறந்தோர் பெயரோடு வருகின்றனர். மற்றவர் இறந்தோர் எண்ணாக வருகின்றனர், சில வேளைகளில் வெற்றியாகவும் வருகின்றனர்.

4

இவ்வியல்பு ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. சமமற்ற சாவுகள் பற்றி உலகம் மிகுதியாக விவாதித்த இடம் பலஸ்தீனம். அந்நிலத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு வெறும் உவமைத் தொடர்பன்று. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஈழ இளைஞர் சிலர் லெபனானிற் பலஸ்தீன இயக்கங்களிடம் பயிற்சி பெற்றனர். கொக்கிளாய் எரிந்த அதே 1984இல், கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன் பேணும் பிரிவொன்று திறக்கப்பட்டது. இஸ்ரேலிய நிபுணர் இலங்கைப் படையினருக்குப் பயிற்சியளித்தனர். 1990இல் ஜனாதிபதி பிரேமதாசாவின் அரசு அப்பிரிவை மூடியது. அங்குள்ள குடியேற்றங்களைப் பற்றிப் படிக்கும் தமிழ் வாசகன் மணலாற்றை நினைப்பதும், மணலாற்றைப் பற்றி எழுதுவோர் மேற்குக்கரையைச் சான்று காட்டுவதும் இவ்வாறு வந்தவை.

இரு நிலங்களின் சாவுக் கணக்குகளும் ஒரே மாதத்தில் உலகின் முன் வந்த சந்தர்ப்பம் ஒன்றுண்டு. அது 2009 ஜனவரி. காஸாவின் மீது இஸ்ரேல் 2008 டிசம்பர் 27இல் தொடங்கிய போர் 2009 ஜனவரி 18இல் நின்றது. இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெற்செலெமின் கணக்கின்படி இஸ்ரேலியப் படையினராற் கொல்லப்பட்ட பலஸ்தீனர் 1,391 பேர். இஸ்ரேலியர் தரப்பில் மாண்டோர் 13 பேர். நூற்றுக்கு ஒன்று என்னும் விகிதம் உலகின் செய்தித்தாள்களை நிறைத்தது. அந்த ஜனவரி 2ஆம் நாளிலேதான் கிளிநொச்சி வீழ்ந்தது. வன்னி மக்கள் முல்லைத்தீவுக் கரையை நோக்கி நகரத் தொடங்கினர். ஐக்கிய நாடுகள் அமைப்பின் கொழும்பு அலுவலகத்தினர் தமக்குள் தொகுத்த கணக்கின்படி, 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை கொல்லப்பட்டோர் 7,721 பேர். அக்கணக்கு அக்காலத்தில் முறைப்படி வெளியிடப்படவில்லை. 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்றது. 2012இல் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வராதோர் எனத் தகவல்கள் இருப்பதைக் குறிப்பிட்டது; எண்களை வெளியிடத் தயங்கிய தன் நிறுவனத்தையும் அது கண்டித்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் ஆணைக்குழு முன் வேறொரு வழியிற் கணக்கிட்டார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தோர் என அரச அலுவலகப் பதிவு கூறியது 429,059. வெளியே வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேர் எங்கே என்பது அவர் வினா. எளிய கழித்தற் கணக்கு அது. விடை இன்றுவரை வரவில்லை.

ஐ.நா. மனித உரிமைப் பேரவை இரு போர்களுக்கும் சிறப்பு அமர்வு கூட்டியது. காஸா பற்றி 2009 ஜனவரி 12இல் நிறைவேறிய தீர்மானம் இஸ்ரேலைக் கண்டித்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 1, நடுநிலை 13. இலங்கை பற்றி அதே ஆண்டு மே 27இல் நிறைவேறிய தீர்மானம் இலங்கை அரசை வரவேற்றது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியா, சீனா, ரஷ்யா, கியூபா, பாகிஸ்தான் ஆகியன இரண்டையும் ஆதரித்தன. கனடா இரண்டையும் எதிர்த்தது. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி ஆகியன முதலாவதில் நடுநிலை வகித்து இரண்டாவதை எதிர்த்தன. இறந்தோர் தொகையே வாக்குகளைத் தீர்மானித்திருக்குமாயின் இவ்வரிசை வேறாக இருந்திருக்கும். காஸாவிற் கொல்லப்பட்டவர் எவர், வன்னியிற் கொல்லப்பட்டவர் எவர் என்பதன்று, கொன்றவர் எவருடைய நண்பர் என்பதே அங்கு எண்ணப்பட்டது.

5

இங்கு ஒரு வினா எழும். அவ்வாறாயின் எண்களுக்குப் பொருளே இல்லையா? சமமற்ற விகிதம் எதனையும் உணர்த்தாதா?

உணர்த்தும். ஆயின் எதை உணர்த்தும், எதை உணர்த்தாது என்பதில் தெளிவு வேண்டும். ஒரு பக்கம் நூறும் மறுபக்கம் ஒன்றுமாகச் சாவு விழும்போது, வானத்தையும் கடலையும் வீதியையும் ஆள்பவர் எவர் என்பது அவ்விகிதத்தால் வெளிப்படும். அது வலிமையின் அளவுகோல். அதை நீதியின் அளவுகோலாகக் கொள்வதிலிருந்து இரு பிழைகள் பிறக்கின்றன.

முதலாவது பிழை வலியவர் பக்கத்தார் செய்வது. ‘சாவைக் கொண்டு யார் சரி என முடிவு செய்ய முடியாது’ என்று தொடங்கி, அதனாற் பெருந்தொகையை எண்ணவே வேண்டியதில்லை என்று முடிப்பர். முன்பாதி உண்மை. போர்ச் சட்டத்திற் சமவிகிதம் எனப்படுவது இரு தரப்புப் பிணங்களையும் தராசில் இடுவதன்று. 1977ஆம் ஆண்டு ஜெனீவா மேலதிக நெறிமுறை, ஒரு தாக்குதலாற் பொதுமக்களுக்கு விளையக்கூடிய கேட்டை, அதனால் எதிர்பார்க்கப்படும் நேரடி இராணுவப் பயனோடு ஒப்பிடுமாறு கூறுகிறது. ஆனால் அவ்வொப்பீட்டைச் செய்வதற்கே பொதுமக்கள் எத்தனை பேர் மாண்டனர் என எண்ணியாக வேண்டும். எண்ண மறுப்பவர் சட்டத்தையே மறுக்கிறார். வன்னியில் இது சாவுக்கு முன்பே தொடங்கியது. உள்ளே இருந்த மக்கள் தொகையை அரசு ஒரு இலட்சத்துக்குட்பட்டதாகவே கூறி வந்தது. இறுதியில் வெளியே வந்தோர் மட்டும் அதன் இரட்டிப்பைத் தாண்டினர். குறைத்துச் சொல்லப்பட்ட எண்ணுக்கே அரிசியும் மருந்தும் அளக்கப்பட்டன. ஆகவே, இறந்தோரை எண்ணாமை உயிரோடிருப்போரை எண்ணாமையிலிருந்து வளர்ந்தது.

இரண்டாவது பிழை மெலியவர் பக்கத்தார் செய்வது. நம் தொகை பெரிது. ஆதலால் மற்றவர் தொகை பேசத்தக்கதன்று என்பது அது. 131ஐச் சொல்லும்போது 11ஐச் சொன்னால் 131 சிறுத்துவிடும் என்னும் அச்சம் இதன் வேர். உண்மையிற் சிறுப்பது 131 அன்று, சொல்பவரின் நம்பகத்தன்மையே. நாயாற்று மீனவனின் சாவை மறைக்கும் நாவு ஒதியமலையைச் சொல்லும்போது, கேட்பவன் இதிலும் எதுவோ மறைக்கப்பட்டிருக்கும் என ஐயுறுவதற்கு நாமே இடமளிக்கிறோம். மேலும், கழித்தற் கணக்கு மனிதர்க்குப் பொருந்தாது. 131இலிருந்து 11ஐக் கழித்தால் 120 வரும்; ஆனால் அந்த 11 பேரின் வீடுகளில் எதுவும் கழியவில்லை.

6

பொதுமக்கள் அபிப்பிராயம் எதனால் அசைகிறது? விகிதத்தால் மட்டும் அசைவதில்லை என்பதற்குக் காஸாவே சான்று. 2009இல் நூற்றுக்கு ஒன்றாக இருந்த விகிதத்தின் பின்னரும், 2013இல் அமெரிக்காவிற் கலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் இஸ்ரேலியர்பால் அனுதாபம் கொண்டோர் நூற்றுக்கு 64, பலஸ்தீனர்பால் அனுதாபம் கொண்டோர் நூற்றுக்கு 12. 2025 பெப்ரவரியில் அதே வினாவுக்குக் கிடைத்த விடை 46உம் 33உம். இடையில் 2023 ஒக்ரோபர் 7இல் ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பணயமாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதன்பின் காஸாவிற் கொல்லப்பட்டோர் தொகை 2025 ஜூலை இறுதியில் 60,000ஐக் கடந்ததாகக் காஸா சுகாதார அமைச்சு அறிவித்தது. எண்ணின் பெருக்கமும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணமாகலாம். எனினும் 2009க்கும் 2023க்கும் இடையே வேறொன்றும் மாறியிருந்தது. இறந்தோரின் முகமும் பெயரும் அவர்கள் ஊரிலிருந்தே நாள்தோறும் உலகுக்குச் சென்றன.

இதில் ஒரு நிகழ்ச்சி தனித்து நோக்கற்பாலது. 2023 ஒக்ரோபர் 25இல் அமெரிக்க ஜனாதிபதி பைடன், பலஸ்தீனர் தரும் எண்களில் தமக்கு நம்பிக்கையில்லை என்றார். மறுநாள் காஸா சுகாதார அமைச்சு 6,747 பேரின் பெயர், வயது, பால், அடையாள இலக்கம் ஆகியவற்றைக் கொண்ட பட்டியலை வெளியிட்டது. எண் ஐயுறப்பட்டபோது பெயர் விடையாக வந்தது. எண்ணை மறுப்பது எளிது. பெயரை மறுக்க வேண்டுமாயின் அப்படியொருவர் பிறக்கவே இல்லை எனக் காட்டவேண்டும்.

அதே நிலத்தில் வேறொரு முயற்சியும் உண்டு. பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியப் பெற்றோரும் பலஸ்தீனப் பெற்றோரும் சேர்ந்த குடும்பங்களின் மன்றம் 1995இல் தொடங்கப்பட்டது. இரு தரப்பின் இறந்தோரையும் ஒரே மேடையில் நினைவுகூரும் நிகழ்வு 2006 முதல் நடத்தப்பட்டு வருகிறது. அதனால் ஆக்கிரமிப்பு நீங்கவில்லை, போரும் நிற்கவில்லை. தம் மக்களிடமே வசை கேட்டவர்கள் அவர்கள். எனினும் பிணத்தைக் காட்டிப் பிணம் கேட்கும் பேச்சுக்கு, இழந்தவரே உடன்பட மறுத்தனர் என்பது சிறிய செய்தியன்று.

7

மீண்டும் களப்பின் கரைக்கு வருவோம். 2023 ஜூன் 29ஆம் நாள் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அவ்வாண்டு செப்டெம்பரில் அகழ்வு தொடங்கிற்று. மூன்று கட்டங்களாக நடந்து 2024 ஜூலையில் அது முடிவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றுடன் விடுதலைப் புலிகளின் சீருடைத் துண்டுகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர்கள் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது தொல்லியல் ஆய்வின் முடிவு.

இலக்கத் தகடு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இயக்கம் இட்ட எண் மண்ணுள் அழியாது கிடந்தது. தாய் இட்ட பெயர் கிடைக்கவில்லை. அகழ்ந்தோர் மேலும் ஓர் எண்ணை இட்டனர். ஒன்று முதல் ஐம்பத்திரண்டு வரை. இரு எண்களுக்கும் இடையே ஒரு பெயர் காணாமற்போயிருக்கிறது. வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அக்குழியருகே வந்து நின்றது அப்பெயரைத் தேடியே. அவர்களிடம் விகிதம் பற்றிய வாதம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்பது ஒன்றே: இது என் பிள்ளையா?

இக்கேள்விக்கு விடைகாணும் பொறுப்பு அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. அதனை வற்புறுத்துவது நம் கடமை. ஆனால் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்க்கென ஒரு தனிப்பணியும் உண்டு. அதற்கு முன்னோடி நம்மிடையே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதி 1990இல் வெளிவந்த ‘முறிந்த பனை’, அரச படை, இந்தியப் படை, இயக்கங்கள் என எத்தரப்பார் செய்த கொலையையும் ஒரே அளவுகோலால் அளக்க முயன்றது. அதன் ஆசிரியருள் ஒருவரான ராஜினி திராணகம, நூல் வெளிவருமுன் 1989 செப்டெம்பர் 21இற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே அளவுகோல் எத்துணை அஞ்சப்பட்டது என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டியதில்லை.

ஆகவே இக்கட்டுரையின் வேண்டுகோள் இதுவே. கொக்கிளாய்க் களப்பைச் சூழ்ந்த ஊர்களின் சாவுக் கணக்கு எண்ணாக அன்றிப் பெயராக எழுதப்பட வேண்டும். ஒதியமலையில் 32 பெயர்கள். டிசம்பர் 15இன் 131 பெயர்கள், அவை 131தானா என்னும் சரிபார்ப்போடு. கொக்குத்தொடுவாய்க் குழியின் 52 பெயர்கள், கிடைக்கும் நாளில். அப்பட்டியலில் நவம்பர் 30இன் பெயர்களும் டிசம்பர் 1இன் பெயர்களும் சேர வேண்டும். அவற்றைத் தேடி நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் போக நேரலாம். சிங்களம் கற்க நேரலாம். போகும் மாணவனிடம் அங்குள்ள ஒரு தாய், உங்கள் பக்கத்திலும் இறந்தார்களா என்று வியப்போடு கேட்கவும் கூடும். அப்போது அவன் கையிலுள்ள பட்டியலை அவளுக்கு வாசித்துக் காட்டலாம். தன் பெயர்களையும் சேர்த்து எழுதிய ஒருவன் வாசிக்கும்போது, அதைக் கேளாதிருக்க அவளுக்குக் காரணம் இராது.